பதினைந்து மீட்டர் கயிற்றில் கிலாஃபத்: சூராவ் வகுப்புக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் மலாயிலும் வீட்டில் தமிழிலும் மார்க்கம் கேட்கிறார்கள். மிச்சத்தைப் போன் சொல்லிக்கொடுக்கிறது. "கிலாஃபத் இல்லாட்டி நம்ம ஈமான் குறையா ஹஜ்ரத்?" என்று ஒருவன் கேட்டால் (கிலாஃபத் என்பது நபிக்குப் பின் முஸ்லிம் சமூகத்தை ஆண்ட கலீஃபாக்களின் ஆட்சி) அதை அரை மணி பயானில் தீர்க்க முடியாது. இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

முதலில் தவ்லியா. குடும்பத்துக்கு வெளியே மார்க்கம் கற்பிக்க மாநிலச் சமய அதிகாரம் தரும் அனுமதி வேண்டும். சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) என்றாலும், கடை மாடி என்றாலும், தோட்டத்துப் பழைய மண்டபம் என்றாலும் இதே விதிதான். அனுமதி இல்லாமல் இந்தத் தலைப்பில் ஆள் சேர்ப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே சுன்னத் போக 45 நிமிடம் கிடைக்கும். 12 முதல் 15 பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசை பேச்சில் இறங்கிவிடும்.

முதல் இரவு: கயிறு

15 மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள். ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு இழுத்தால் நீளும், அளவு கெட்டுவிடும். ஓர் ஆண்டுக்கு 1 செ.மீ. கணக்கு. முடிச்சுப் போடாதீர்கள், மார்க்கரால் கோடு கிழியுங்கள். ஒரு முடிச்சு 2 செ.மீ. தின்னும். அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியே கயிற்றில் 2 செ.மீ. தான். கூடம் சிறியதென்றால் ஆண்டுக்கு அரை செ.மீ. வையுங்கள், அல்லது தூண்களைச் சுற்றிக் கட்டுங்கள்.

தொடக்கம் 632, நபி (ஸல்) அவர்கள் மறைந்த ஆண்டு. அங்கிருந்து 29 செ.மீ. அபூபக்கர், உமர், உஸ்மான், அலி (ரலி) என்ற நாற்பெரும் கலீஃபாக்கள், ஹசன் (ரலி) அவர்களின் சில மாதங்களும் இதற்குள் அடங்கும். 661இலிருந்து உமையாக்கள் 89 செ.மீ. 750இலிருந்து பாக்தாதின் அப்பாஸிகள் 508. மங்கோலியப் படைத்தலைவன் ஹுலாகு 1258இல் நகரத்தை அழித்த பிறகு 3 செ.மீ. வெறுமை. கெய்ரோவில் பெயரளவு அப்பாஸிகள் 256, அதன்பின் 1517 முதல் உதுமானியர் 407. 1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றம் கிலாஃபத்தை நீக்கிய இடத்தில் கோடு. அதற்குப் பிறகு இன்றுவரை சுமார் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரிலும் ஈமானோடு வாழ்ந்தவர்கள்தான் நம் பாட்டனாரும் தகப்பனாரும். முதலில் கேட்டவனுக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இப்போது துணி கிளிப்பால் வேறு நிறத்தில் இரண்டு துண்டுக் கயிறுகளைத் தொங்கவிடுங்கள். 277ஆவது செ.மீ.யிலிருந்து ஃபாத்திமிகள், நீளம் 262. 297ஆவது செ.மீ.யிலிருந்து கொர்தோபா உமையாக்கள், நீளம் 102. 929க்கும் 1031க்கும் நடுவே உலகில் மூன்று பேர் கலீஃபா என்று சொல்லிக்கொண்டார்கள் என்பது யாரும் விளக்காமலே தெரியும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் என்று நூல்களில் எழுதிய காலத்திலும் நடைமுறை இப்படித்தான் இருந்தது.

பலரும் வழுக்கும் இடம் அந்த 29 செ.மீ. அதைக் குறையே இல்லாத பொற்காலமாகச் சொல்லிவிட்டால், நால்வரில் மூவர் கொல்லப்பட்டதை நாளைக்குப் பையன் வேறெங்கோ படித்துவிட்டு உங்களை நம்பமாட்டான். முஸ்லிம்கள் தங்களுக்குள் மோதிய ஜமல், ஸிஃப்பீன் போர்களை மறைக்காதீர்கள். ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) யார் பக்கம் என்று வழக்காடவும் வேண்டாம்.

இரண்டாம் இரவு: கஞ்சிப் பானைக்கு அமீர்

நோன்புக் கஞ்சிக்குப் பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கச் (தலைவராக்கச்) சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. பானைக்கும் அது பொருந்தும்.

முதல் கலீஃபாக்கள் நால்வரும் நான்கு விதமாய்ப் பொறுப்புக்கு வந்தார்கள், நான்கையும் செய்துபார்க்கலாம். மதீனாவின் ஸகீஃபா என்ற கூடத்தில் வாதம் நடந்து, உமர் (ரலி) முதலில் அபூபக்கர் (ரலி) அவர்களுக்குக் கைகொடுக்க, மற்றவர்கள் பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்தார்கள். அபூபக்கர் (ரலி) பெரியவர்களைக் கலந்து உமரைப் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். உமர் (ரலி) ஆறு பேரிடம் விட்டு மூன்று நாள் கெடு வைத்தார்கள், உஸ்மான் (ரலி) தேர்வானார்கள். உஸ்மான் (ரலி) கொல்லப்பட்ட குழப்பத்தில் மதீனாவாசிகள் அலியிடம் (ரலி) வந்து பைஅத் செய்தார்கள். ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரே அச்சு குர்ஆனில் இல்லை. ஷூரா, அதாவது கலந்தாலோசனை, உண்டு (42:38), அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் கட்டளை உண்டு (4:58).

நேரம் குறைந்தால் மூன்றாவது முறையை மட்டும் செய்யுங்கள், அதில்தான் விஷயம் அதிகம். அறுவரில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) தன் பெயரை விலக்கிக்கொண்ட பிறகே ஊரைக் கேட்கப் புறப்பட்டார்கள். எண்ணுகிறவன் போட்டியில் நிற்கக் கூடாது. உமரின் மகன் அப்துல்லாஹ் ஆலோசனை சொல்லலாம், பதவி கிடையாது. பட்டணத்தில் இது உடனே உறைக்கும். கைதூக்கச் சொன்னால் மளிகைக்கடை முதலாளி மகனுக்குத்தான் எல்லாக் கையும் உயரும். அதனால் கைதூக்கல் வேண்டாம், ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கச் சொல்லுங்கள்.

"எனக்குக் கொடுங்க" என்று ஒருவன் முந்துவான். பதவியைக் கேட்டு வாங்காதே என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுராவுக்குச் (ரலி) சொன்ன நபிமொழியை எடுத்துவையுங்கள். விவரமான பிள்ளை யூசுஃப் நபி களஞ்சியத்தைக் கேட்டார்களே (12:55) என்பான். நல்ல கேள்வி. வேறு தகுதியானவர் இல்லாத இடத்தில் பொறுப்பை ஏற்க முன்வருவது வேறு, ஆசைப்பட்டுத் துரத்துவது வேறு என்பதே உலமாக்கள் தரும் விளக்கம்.

வரக்கூடிய கேள்விகள்

"2014இல் ஈராக்கில் ஒருத்தர் கலீஃபான்னு அறிவிச்சாரே?" இதற்கு அதட்டாதீர்கள். அதட்டப்பட்டவன் கேள்வியை டெலிகிராமுக்குக் கொண்டுபோவான். உம்மத்தின் (முஸ்லிம் சமூகத்தின்) இசைவு இல்லாமல் கிலாஃபத்தை அறிவிக்க முடியாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் 120க்கும் மேற்பட்ட அறிஞர்கள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். முந்திய இரவுக் கயிற்றில் பைஅத்தும் ஷூராவும் எங்கே இருந்தன என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.

"அகோங் கலீஃபாவா?" இல்லை. அகோங் மலேசியாவின் மாமன்னர். ஒன்பது மாநில அரசர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேராக்கில் இஸ்லாத்தின் தலைவர் பேராக் சுல்தான். சுல்தான் இல்லாத பினாங்கில் அந்த இடம் அகோங்குக்கு.

லயத்தில் கூட வளர்ந்த இந்து நண்பன், "உங்காளு ஆட்சி வந்தா எங்க கதி என்னடா?" என்று கேட்டதாக ஒரு பிள்ளை சொல்வான். முஸ்லிமல்லாத குடிமக்கள் மேல் ஜிஸ்யா என்ற வரி வரலாற்றில் இருந்தது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். மதீனா உடன்படிக்கையில் யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று எழுதப்பட்டதையும் சொல்லுங்கள். இங்கே இன்று இருக்கும் சட்டத்தில் ஷரீஆ நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்கள் மேல் மட்டும், வழிபாட்டு உரிமை அரசியல் சாசனத்தின் 11ஆவது பிரிவில். அவன் இதைப் போய்ச் சொல்லும்போது நண்பன் அடுத்த கேள்வி கேட்பான். அதற்காகக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பத்தி காலியாக விட்டுவையுங்கள். அதில் சேர்ந்தவற்றில் உங்களுக்குத் தெளிவில்லாததை மாநில முஃப்தி அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள், பதில் வந்ததும் அதே பிள்ளையை வாசிக்க விடுங்கள்.