சாப்பிட அடம் பிடிக்குற குட்டிங்களுக்கு என்ன பண்ணலாம்

ரெண்டு வயசு புள்ள சோத்தைப் பாத்தாலே வாயை இறுக்கி மூடிக்குதுன்னா முதல்ல பால் எவ்ளோ குடிக்குதுன்னு பாருங்க, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல போச்சுன்னா வயிறு அதுலயே ரொம்பிடும், இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு முன்னாடி பிஸ்கட்டும் வேணாம்.

புள்ளைக்குன்னு தனியா சமைக்காதீங்க ப்ளீஸ். காசிமேடு மீன் மார்க்கெட்டுல கிழங்கான் மீன் வாங்குனீங்கன்னா பெரியவங்களுக்கு குழம்பு வெச்சிட்டு, ரெண்டு துண்டு மட்டும் மஞ்சத்தூள், துளி உப்பு போட்டு இட்லி குண்டானுல வேக வெச்சு, விரலால ரெண்டு தடவ நசுக்கிப் பாத்து முள்ளெல்லாம் எடுத்துட்டு, ரசம் சோத்துல பெசஞ்சு, ஓரமா ஒரு ஸ்பூன் முருங்கைக்கீரை வைங்க. மீன் இல்லாத நாள்ல முட்டையோ பருப்போ போதும்.

கீரையைத் துப்புனா விட்டுடுங்க, ஆனா ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வைங்க, புது ருசி பழக பத்து பதினஞ்சு தடவ கூட ஆகும், அது அடம் இல்ல, இந்த வயசு அப்படித்தான். போனைக் காட்டி ஊட்டாதீங்க, பசியே தெரியாம போயிடும். அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க, திட்டாம.

முழு வேர்க்கடலை மட்டும் குடுக்கவே கூடாது, தொண்டையில அடைச்சுக்கும். எடை ஏறலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, அங்கன்வாடியிலயும் எடை பாப்பாங்க.