மரபணுப் பரிசோதனை பற்றி வீட்டில் பேசுவது எப்படி?

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு பரம்பரையாக வருபவை என்பதால், பரிசோதனையில் ஆர்வம் உள்ளவர் ஆய்வகத்துக்குப் போகுமுன் உறவினர்களிடம் பேசி, யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்று மூன்று தலைமுறைக்குக் குறித்துக்கொள்ள வேண்டும். சூலகப் புற்றுநோயையும், ஆண்களுக்கு வந்த மார்பகப் புற்றுநோயையும் விட்டுவிடாதீர்கள். தாய்வழியை மட்டும் விசாரித்துவிட்டு அத்தைமாரை மறப்பது பலரும் செய்யும் பிழை. மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிறழ்வு (மரபணு மாற்றம்) பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் இருந்தால், அது தந்தையிடமிருந்தும் வரக்கூடும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு.

கூடுமானவரை நோய் வந்தவரையே முதலில் பரிசோதிக்க வேண்டும். அவரிடம் பிறழ்வு உறுதியானால்தான், மற்றவர்களுக்கு ‘இல்லை’ என்று வரும் முடிவு தெளிவான பொருள் தரும். ஆகவே, “சித்தி, நீங்க டெஸ்ட் பண்ணிக்கிட்டா எங்களுக்கும் உதவியா இருக்கும்” என்று தனிமையில், வற்புறுத்தாமல் கேளுங்கள். பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சமே பல வீடுகளில் வாயை அடைக்கிறது (மகனுக்கும் பிறழ்வு கடத்தப்படும் அதே வாய்ப்பு உண்டு என்பதை ஏனோ யாரும் நினைப்பதில்லை). எனவே செய்தி யார்வரை போகலாம் என்பதைப் பரிசோதித்துக்கொள்பவரே முடிவு செய்யட்டும். சிறுவர்களுக்கு இப்பரிசோதனை வேண்டியதில்லை. 18 வயதுக்குப் பின், மரபியல் ஆலோசகரைக் கலந்து அவர்களே தீர்மானிக்கலாம்.