நமக்கு நாமே ஏன் கிச்சுகிச்சு மூட்ட முடியாது? குழந்தைகளோடு செய்துபார்க்க ஒரு சோதனை

என் மகள் ஒரு நாள் தன் அக்குளில் தானே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "நீ பண்ணா மட்டும் ஏம்ப்பா கூசுது?" என்றாள். வாயால் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் சரியாக வந்த வழி இது.

தேவை: ஒரு மேசை, மெல்லிய முடி கொண்ட ஓவியத் தூரிகை. பலர் இறகு என்பார்கள். எனக்குப் பிடிக்காது, நுனி வளைந்து, ஒரு முறை பட்டதுபோல மறுமுறை படாது.

படி 1: கூச்சத்தில் இரண்டு வகை உண்டு என்று காட்டுங்கள். எறும்பு ஊர்வது போன்றது ஒன்று. சிரிப்பு வராது, தட்டிவிடத்தான் தோன்றும். விலாவில் விரலை அழுத்தி ஆட்டினால் வெடித்துச் சிரிக்கவைப்பது மற்றொன்று. ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1897-லேயே நிஸ்மெசிஸ், கார்கலெசிஸ் என்று இவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைக் கேட்டே குழந்தைகள் சிரிப்பார்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன். தூரிகையைக் கையில் கொடுத்து, "நீயே தடவிப் பார், கூசாது" என்றேன். உள்ளங்கையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "கூசுதே!" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. முதல் வகையை நமக்கு நாமே ஓரளவு வரவழைக்கலாம். நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். நமக்கு நாமே செய்தால் வராதது அந்த வெடிச்சிரிப்பு. அதனால் "கூசுதா?" என்று கேட்காதீர்கள், "எது அதிகம்?" என்று கேளுங்கள்.

படி 2: முதலில் குழந்தையே தடவட்டும், பிறகு நீங்கள். இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குழந்தையே போடட்டும்.

படி 3: இப்போது காரணம். கைக்கு "அசை" என்று உத்தரவு போகும்போதே, தொடுகை எங்கே, எப்படி இருக்கும் என்று சிறுமூளை கணித்துவிடும். கணித்தபடியே வந்தால் மூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அடுத்தவர் விரல் விஷயத்தில் அந்தக் கணிப்புக்கு வழியில்லை.

படி 4: எனக்குப் பிடித்த படி. 1990-களின் இறுதியில் லண்டனில் மூளை ஆய்வாளர் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் ஒரு ரோபோவை வைத்துச் சோதித்தார்கள். இடது கையால் அதை அசைத்தால், அது அவரவர் வலது உள்ளங்கையைத் தடவும். நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்று தாமதம் வைத்தபோது கூச்சம் கூடியது. வீட்டில் நீங்கள்தான் ரோபோ. குழந்தை இடது விரலால் மேசையில் கோடு போட, அதே கோட்டை அதன் வலது உள்ளங்கையில் தூரிகையால் போடுங்கள். என்ன முயன்றாலும் நம் கை கொஞ்சம் பிந்தித்தான் வரும். வேண்டியதும் அதுதான்.

பிற்சேர்க்கை: "என் பையனுக்குக் கூசவே இல்லை" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மனநிலையைப் பாருங்கள். எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினால், நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும். 2016-இல் வெளியான பெர்லின் ஆய்வில், உயரமான மேடையில் பயந்து நின்ற எலிகளிடம் அந்தக் கீச்சொலி குறைந்துபோனது. அழுதுமுடித்த குழந்தையிடம் இதை ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், சிரிக்கிறது என்பதற்காகப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிரிப்பில் "போதும்" என்ற சொல்லே வாயில் வராது. எங்கள் வீட்டில் மேசையில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்தம்.