குழந்தைகளின் மூளை அறுவை: பயிற்சிக் காலத்தில் கைப்பழக்கம் பெறும் வழி

இந்தியாவில் எம்.எஸ். (அறுவை சிகிச்சை முதுகலை) முடித்த மருத்துவர், மூளை நரம்பியல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்னும் உயர் சிறப்புப் பட்டம் பெற 3 ஆண்டுகள் பயில்கிறார். தலைக்காய நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைகளில் இக்காலத்தின் பெரும்பகுதி பெரியவர்களின் அறுவைகளிலேயே கழிந்துவிடுவதால், குழந்தைகள் பிரிவில் கிடைக்கும் வாய்ப்பைத் திட்டமிட்டுப் பயன்படுத்தாதவர் பார்வையாளராகவே இருந்துவிட நேரும். மூளைக்கட்டி அறுவைகளைத் தேடி ஓடுவதைவிட, மூளை அறைகளில் நீர் தேங்கும் ஹைட்ரோசெபாலஸ் நோய்க்கு, அந்நீரைத் தோலுக்கடியில் செல்லும் குழாய் (ஷன்ட்) வழியே வயிற்றறைக்குள் வடியவிடும் ஷன்ட் அறுவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையால் செய்யக் கற்பதே முதல் இலக்காக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறுவையின் எந்தக் கட்டத்தை நீங்கள் செய்ய விரும்புகிறீர்கள் என்பதை முந்தைய நாள் ரவுண்ட்ஸிலேயே பேராசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்து, குழாய் எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்று அளந்து சொல்லக்கூடியவரிடம் கருவியைக் கொடுக்க எந்த ஆசிரியரும் தயங்குவதில்லை.

குழந்தை உள்ளே வருமுன் அரங்கைச் சூடாக்க வேண்டும். உடலில் தலையின் பங்கு பெரிது என்பதால் வெப்பம் விரைவில் வெளியேறும். தோளுக்கடியில் துணிச்சுருளை வைத்து, காதின் பின்புறம், கழுத்து, மார்பு, வயிறு ஆகியவை ஒரே நேர்கோட்டில் அமையுமாறு குழந்தையைக் கிடத்துவதை நீங்களே செய்யுங்கள். இது சரியாக அமைந்தால்தான் தோலுக்கடியில் சுரங்கம் அமைக்கும் கம்பி காறை எலும்பில் தட்டாமலும் மார்புக்குள் இறங்காமலும் செல்லும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தோலைக் கீறுமுன் கொடுத்து, அரங்கில் ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, ஷன்ட் உறையைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் பிரித்து, புதிய கையுறையுடன் அதைத் தொட வேண்டும். மூளை அறைக்குள் குழாய் நுழைந்ததும் நீரைப் பீறிட விடாதீர்கள்; மூளை திடீரெனச் சுருங்கினால் மேற்பரப்பு இரத்தக்குழாய்கள் அறுந்து கசியக்கூடும். கீழ்முனையில் நீர் தானாகச் சொட்டுவதைக் கண்ட பிறகே அதை வயிற்றறைக்குள் செலுத்துங்கள்.

உகாண்டாவின் ம்பாலே நகரில் பணியாற்றிய பெஞ்சமின் வார்ஃப், இந்தியத் தயாரிப்பான சாப்ரா ஷன்ட்டை விலை மிகுந்த மற்றொரு ஷன்ட்டுடன் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியின் விலையைவிடக் கையின் ஒழுங்கில் கவனம் செலுத்த இதுவே போதிய காரணம்.

இரத்த இழப்பைக் குறித்த கண்ணளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லி இரத்தமே உண்டு. 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தம் 400 மில்லிதான் என்பதால், பெரியவர்களின் அறுவையில் பொருட்படுத்தாத 40 மில்லி இங்கே பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே தலைத்தோலை ஒவ்வொரு அடுக்காகக் கீறி, கசிவை நிறுத்திய பிறகே அடுத்த அடுக்குக்குச் செல்லும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஷன்ட் இல்லாமலே தேங்கிய நீருக்கு வழிவிட, எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்க்கருவி) வழியே மூன்றாம் மூளை அறையின் தரையில் துளையிடும் அறுவையில், முதலில் கேமராவை அசையாமல் பிடிக்கவும் உறுப்புகளை அடையாளம் காணவும் கற்றுக்கொள்ளுங்கள். அத்தரைக்குக் கீழேயே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பேசிலார் தமனி இருப்பதால் துளையிடும் கட்டத்துக்கு அவசரப்படலாகாது. யாருக்கு இது பலன் தரும் என்பதை வயது, நோய்க்காரணம், முன்பு ஷன்ட் பொருத்தப்பட்டதா என்ற மூன்றையும் கூட்டி 90 வரை மதிப்பிடும் முறை உண்டு. மூளைக்காய்ச்சலுக்குப் பின் நீர் தேங்கிய, இதுவரை ஷன்ட் பொருத்தப்படாத 2 மாதக் குழந்தைக்கு 20 மட்டுமே வரும். இக்கணக்கை ஒவ்வொரு குழந்தைக்கும் நீங்களே போட்டுப் பார்த்தால், எப்போது அறுவை செய்யக் கூடாது என்பதும் புலப்படும்.

செய்த அறுவைகளைப் பதியும் லாக் புத்தகத்தில் அறுவையின் பெயரை மட்டும் எழுதாமல், பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனித்துச் செய்தது எனக் கட்டம் கட்டமாகப் பதியுங்கள். ஷன்ட்டில் வரும் தொற்று பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள் வெளிப்படுவதால், நீங்கள் அறுவை செய்த குழந்தையைப் புறநோயாளர் பிரிவில் நீங்களே பார்த்து, தலைச் சுற்றளவை அளந்து அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். வாந்தி, அளவுமீறிய தூக்கம், கண்கள் கீழ்நோக்கி நிலைத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இரவானாலும் வந்துவிட வேண்டும் என்று தாயிடம் பொறுமையாகச் சொல்வதும் அறுவை செய்தவரின் பொறுப்புதான்; அதை வேறொருவரிடம் ஒப்படைக்காதீர்கள்.