பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்: கையில் இருக்கும் காசுக்குள் ஒரு செய்முறை

2025 சித்திரையில் அம்பாசமுத்திரத்திலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டு முக்குல போயி டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. கடைக்காரரு இது இனிமே தேறாதுங்காரு. புதுசுக்கு 45,000 சொல்லுதாரு."

"பொறு மாப்ள, ஞாயித்துக்கெழம வாரேன். தொறந்து பாப்போம்" என்றேன்.

அவன் வைத்திருப்பது சின்ன டைப்பிங் சென்டர். மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான் வேலை. கணினி 2014-இல் வாங்கியது: இன்டெல் ஐ3-4130 பிராசசர் (கணக்குப் போடும் மூளை), எச்81 மதர்போர்டு (எல்லாம் மாட்டியிருக்கும் பலகை), 4 ஜிபி ரேம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). பொழுது சாய்வதற்குள் 3,400 ரூபாயில் வேலை முடிந்தது. இன்றும் அதே பெட்டியில்தான் பத்திரிகை அடிக்கிறான். அன்று செய்ததை, முதல் தடவையாக ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965-இல் எழுதினார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அந்த ஓட்டத்துக்கு நம் சம்பளம் ஓடாது, ஓடவும் வேண்டாம். மனு டைப் அடிக்கும் வேலை பத்து வருஷத்தில் கனத்துவிடவில்லை. கனத்தது பிரவுசரும் அதில் திறக்கும் பக்கங்களும்தான். ஆகவே பெட்டி மொத்தமும் பழசாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். எந்த ஓர் உறுப்பு மற்றதையெல்லாம் பிடித்து இழுக்கிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் காசு போடுவோம்.

1. எங்கே மூச்சு முட்டுகிறது?

கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். சிபியு (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் மூன்றுக்கும் எவ்வளவு சதவீதம் ஓடுகிறது என்று காட்டும். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

டிஸ்க் 100-இலேயே நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மெமரி 85-க்கு மேல் ஏறி இறங்காமல் இருக்கிறதா? ரேம் போதவில்லை. சிபியு விடாமல் 100 காட்டினால், அதைப் பிடித்துத் தின்கிற நிரல் எது என்று 'பிராசசஸ்' பக்கத்தில் முதலில் பாருங்கள். பல நேரம் அது அப்டேட்டாகவோ வைரஸாகவோ இருக்கும்.

மச்சினன் கணினியில் டிஸ்க் 100, மெமரி 91, சிபியு 15. பிராசசர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் சொன்னபடி புதுசு வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் மாற்றியிருப்போம்.

அதே பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கடைசியில் தேவைப்படும்.

2. தூசி

நம்ம பக்கம் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் காற்றுதான் செம்மண்ணை அள்ளி நம் கணினிக்குள்ளும் கொட்டுகிறது. விசிறியில் தூசி அடைத்தால் பிராசசர் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் அதைப் 'பழசாகிவிட்டது' என்கிறோம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கும். உலோகத்தில் ஏதாவது ஒன்றைத் தொட்டு உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டு போக வேண்டாம், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும். பிராசசர் மேல் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை நன்றாகத் துடைத்து, சூட்டைக் கடத்தும் புது தெர்மல் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்து மூடுங்கள்.

கணினி ஒவ்வொரு தடவையும் தேதியை மறந்துபோனால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். சின்னச் செலவுதான். திரையே வராமல் 'பீப்' சத்தம் மட்டும் கேட்டால், ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். சில வருஷத்துக்கு முன் என் கணினிக்கு மதர்போர்டே போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ரப்பரால் தேய்த்தேன், ஓடியது. அன்றிலிருந்துதான் எதையும் முதலில் நானே திறந்து பார்க்கிறேன்.

3. எஸ்எஸ்டி: காசுக்குத் தகுந்த பெரிய பலன்

ஒரே ஒரு செலவுக்குத்தான் வழி இருக்கிறது என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 120 சுற்று. ஒரு கோப்பு வேண்டுமென்றால் ஊசி அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி விநாடிக்குச் சுமார் நூறு தடவைக்குள்தான் அதால் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் பலசரக்குக் கடையில் ஒரே ஆள் எல்லோருக்கும் பொட்டலம் கட்டுகிற மாதிரி. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும்.

எது வாங்குவது? பழைய டெஸ்க்டாப்புக்கும் பழைய லேப்டாப்புக்கும் 2.5 அங்குல சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிள் வகை) எஸ்எஸ்டி. 240 அல்லது 256 ஜிபி தொடக்கத்துக்குப் போதும். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தால், அதற்கும் பெரும்பாலும் இதேதான்.

குச்சி மாதிரி இருக்கும் எம்.2 வகையை வாங்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி உண்டு. வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான், பேசும் பாஷை வேறு. என் லேப்டாப்பில் எம்.2 இடம் இருக்கிறதே என்று என்விஎம்இ வாங்கிப் போட்டேன், கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த இடம் சாட்டாவுக்கு மட்டுமானது. உங்கள் மாடலின் கையேட்டில் எது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மாட்டும் முறை இது. முதலில் போட்டோ, கணக்கு, மனு எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், தொடக்கக் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் அதைக் கழற்றும் நாளில் கணினி எழாது. குளோன் செய்வது (பழைய டிஸ்க்கை அப்படியே படியெடுப்பது) சுலபமாகத் தெரிந்தாலும், 500 ஜிபியிலிருந்து 240-க்குக் குளோன்ஜில்லா போன்ற கருவிகள் நேரடியாக நகலெடுக்காது. புதிதாக நிறுவினால் பழைய குப்பையும் போகும்.

இன்னொன்று: எச்81 போர்டில் 6 ஜிகாபிட் சாட்டா துளை இரண்டுதான், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டி கேபிளை 6 ஜிகாபிட் துளையில் செருகுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டால் அதுவே உங்கள் நகல் டிஸ்க்.

4. ரேம்

பழைய ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அதுதான் தப்பில்லாத வழி. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. லேப்டாப் ரேம் அளவில் சின்னது. லேப்டாப்புக்கு டிடிஆர்3 வாங்கினால் ஸ்டிக்கரில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், 'எல்' வகைக்கு 1.35 வோல்ட் போதும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பல லேப்டாப்புகள் 'எல்' வகையை மட்டுமே ஏற்கும்.

பிரவுசர், வேர்டு வேலைக்கு 8 ஜிபி. போட்டோஷாப் உண்டென்றால் 16. ஒரே அளவில் இரண்டு குச்சி போட்டால் மெமரி இரட்டைத் தடத்தில் ஓடும், தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிக்கு அது நல்ல உதவி.

மச்சினனுக்கு ரேம் வாங்கியபோது விலை மலிவு. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதில் விலை ஏறிவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாக விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. அதனால் பழைய ரேம் குச்சிகளைத் தூக்கி எறியாதீர்கள். கழித்துப்போட்ட கணினியிலிருந்து எடுத்ததும், வாரன்ட்டி தருகிற கடையில் கிடைக்கும் பழையதும் நன்றாகவே உழைக்கும்.

5. விண்டோஸ் 10 முடிந்த பிறகு

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியின் ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல். நாலாம் தலைமுறை ஐ3-க்கு அந்தக் கதவு அடைப்பு.

ஐப்பசியில் மறுபடி அம்பாசமுத்திரம் போய், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். இலவசம், 4 ஜிபி ரேமிலேயே ஓடும். ரூஃபஸ் கருவியால் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ், பிரவுசர் எல்லாம் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். மச்சினனின் பத்திரிகை மாதிரிகள் மொத்தமும் விண்டோஸுக்கான பழைய பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கரில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. அதை விட்டால் பிழைப்பு போகும். ஆகவே மின்ட்டோடு விண்டோஸையும் அப்படியே வைத்தேன் (ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்), விண்டோஸுக்குள் இணைய இணைப்பு தரும் நெட்வொர்க் அடாப்டரை டிவைஸ் மேனேஜரில் முடக்கினேன். இணையம் மின்ட்டில் மட்டும். வாடிக்கையாளர் பென்டிரைவையும் முதலில் மின்ட்டில் திறந்து பார்க்கிறான். டாலி (வணிகக் கணக்கு நிரல்), கைரேகைக் கருவி வைத்து வேலை பார்க்கிறவர்கள் லினக்ஸுக்கு மாறுமுன் அவை ஓடுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது.

6. வாங்கியே ஆக வேண்டுமென்றால்

'ஐ7' ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயது. ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. இந்த ஐ3 அந்த ஐ7-ஐ எளிதாக முந்தும்.

கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகைகள் என் கணக்கில் நல்ல சரக்கு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே ஆன் செய்து, எல்லா யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் செருகிப் பார்த்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்து, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) பாஸ்வேர்டு இல்லை என்று உறுதி செய்துவிட்டுக் காசு கொடுங்கள். சின்னப் பெட்டி வகைகளில் பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனி அளவில் இருக்கும், பின்னால் பெரிய கிராபிக்ஸ் அட்டை போட முடியாது.

புதுசாகச் சேர்ப்பவர்கள் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2017-இல் வந்த பல போர்டுகள் பயாஸ் அப்டேட்டோடு 2022-இல் வந்த பிராசசரையும் ஏற்றன. இன்டெல்லின் ஏழாம் தலைமுறைப் போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் வேலை செய்யாது, சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தும்.

7. கடைசியாக

சிபியு பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தெரிந்தவர் வீட்டில் மேசை மேல் இருந்த மானிட்டர் தப்பியது, கீழே இருந்த பெட்டி போனது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பவர் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்குங்கள்.

முதல் படியில் எழுதிய தாளில் ரேம் வகை, எஸ்எஸ்டி வாங்கிய தேதி, பேஸ்ட் போட்ட தேதி, பேட்டரி மாற்றிய தேதி எல்லாம் சேர்த்து, பக்கத் தகட்டின் உட்புறம் டேப் போட்டு ஒட்டுங்கள். ஆடிக்காற்று ஓய்ந்ததும் பிரஷோடு திறப்பீர்கள் அல்லவா, அப்போது கண்ணில் படும்.