முட்டைத் தட்டு, ஈர்க்குக் கட்டு, கொம்பு அட்டை: முதலாம் ஆண்டுக்கு முன் வீட்டிலேயே எண்ணும் எழுத்தும்

ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால் ஏழு ரப்பர் கொட்டையைக் கொட்டி, "எத்தனை இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் இன்னொரு வேகத்தில் போகும், ஏழு ஒன்பதாகிவிடும். தப்பில்லாமல் எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்ப மொத்தம் எத்தனை?" என்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எத்தனை முறை ஒப்பிக்க வைத்தாலும் இது சரியாகாது, கையால் எடுத்து வைத்தால்தான் சரியாகும்.

இங்கே சொல்வது நான்கரை வயதிலிருந்து முதலாம் ஆண்டில் சேரும் வரைக்கும் பொருந்தும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதே போதும்: 30 முட்டைத் தட்டு ஒன்று, செம்பனை ஈர்க்கு நூறு, ரப்பர் வளையம் பத்து, காலியான பிஸ்கட் பெட்டி அட்டை, மார்க்கர் பேனா, கொஞ்சம் சில்லறை. நாளுக்குப் பதினைந்து நிமிடம். பிள்ளை "இன்னும் ஒரு தடவை" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பயிற்சிப் புத்தகம் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதில் இருக்கும் ஐந்து ஆப்பிள் படத்தை நகர்த்த முடியாது, பக்கத்தில் அடுக்க முடியாது, வண்ணம் தீட்டத்தான் முடியும்.

பத்துக் குழி

தட்டில் ஒரு பக்கம் 5 குழி, இன்னொரு பக்கம் 6 குழி. நமக்கு வேண்டியது இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. ஐந்து குழி வரிசைகள் ஆறு இருக்கும். இரண்டிரண்டாக வெட்டினால் ஒரு தட்டில் மூன்று பத்துக் குழி கிடைத்துவிடும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆறு குழி வரிசைகளை இரண்டிரண்டாக வெட்டிவிடுவார்கள். வருவது பன்னிரண்டு குழி, பத்தைக் காட்ட அது உதவாது. வெட்டுவதற்கு முன் மார்க்கரால் கோடு போட்டு, கோட்டுக்குள் பத்துதானா என்று எண்ணிப் பாருங்கள். கத்தரிக்கோலைவிட ரொட்டி வெட்டும் பல் கத்தி சுலபம். குழிகளுக்கு நடுவே நிற்கும் கூம்பின் நடுவாக அறுத்தால் ஓரம் நசுங்காது.

தவறாக வெட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு ஆறு குழி என்பது சின்னப் பல்லாங்குழி. வழக்கமான பலகையில் பதினான்கு குழி. இது இரண்டு குறைவு, அவ்வளவுதான். குழிக்கு மூன்று கொட்டை போட்டு ஆட விடுங்கள். அள்ளியதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும் என்பதால், ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற பழக்கம் யாரும் சொல்லாமலே கையில் ஏறிவிடும்.

காகிதத் தட்டைக் கழுவ முடியாது. முட்டை உடைந்து ஒழுகியதையும் கோழி எச்சம் ஒட்டியதையும் எடுக்கவே எடுக்காதீர்கள். பத்து முட்டை பிளாஸ்டிக் பெட்டி கிடைத்தால் அதுதான் மேல். அது ஐந்து ஐந்தாகவே வரும், வெட்டும் வேலை இல்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் வைக்கலாம்.

கொட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை ரப்பர் கொட்டையின் பருப்பு நஞ்சு. குன்றிமணி அதைவிட மோசம், அது வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழ்ப் பிள்ளை வீட்டில் இருந்தால் கொட்டையே வேண்டாம், பெரிய போத்தல் மூடி போதும். ஐந்து ஆறு வயதுக்கு ஓடு வெடிக்காத கொட்டையாகப் பத்துப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, எண்ணி டின்னில் போட்டு மூடுங்கள். விளையாட்டு முடிந்ததும் பத்தும் திரும்ப டின்னுக்குள் வந்ததா என்று பிள்ளையே பார்க்கட்டும். (சிமென்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைக்கிற வேலையும் சேர்ந்தேதான் வரும்.)

நிரப்பும் ஒழுங்கு முக்கியம். மேல் வரிசையை இடமிருந்து வலமாக ஐந்தும் நிரப்பிவிட்டு அடுத்ததாகக் கீழ் வரிசை. மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு என்பது தினம் ஒரு வடிவத்தில் தெரியும். ஒழுங்காகப் போட்டால் எட்டு என்றைக்கும் மேலே ஐந்து, கீழே மூன்று, காலி இரண்டு. இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"எத்தனை கண்ணு?"

"எட்டு."

"எண்ணவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"ரெண்டு வீடு காலியா இருக்குல்ல, பாட்டி."

இந்தப் பதில் வந்த நாளில் பத்துக்குள் கழித்தல் பாதி முடிந்தது. அது வரைக்கும் கூட்டல் குறி, கழித்தல் குறி எதையும் காட்ட வேண்டாம்.

ரப்பர் காய் விழும் காலமாக இருந்தால் இன்னொன்று. ஒரு காய்க்குள் பொதுவாக மூன்று கொட்டை இருக்கும். ஒரு காம்பில் இலையும் மூன்று. நான்கு காம்பை வரிசையாக வைத்தால் மூன்றாம் வாய்பாடு அங்கேயே கிடக்கிறது.

பதினான்கா, 104-ஆ, 41-ஆ?

நூறு ஈர்க்கை 12 சென்டிமீட்டர் அளவில் நறுக்குங்கள். கூர்நுனியைக் கழித்துவிடுங்கள், கண்ணில் குத்தும். பத்து எண்ணி வளையம் போடுவது பிள்ளையின் வேலை. நீங்கள் கட்டிக் கொடுத்த கட்டு பிள்ளைக்கு ஒரு தடித்த குச்சி மாதிரிதான் தெரியும், உள்ளே பத்து இருப்பது தெரியாது. அவிழ்ப்பதும் அதுவே செய்யட்டும்.

எழுதச் சொல்லும்போது இரண்டு விதத் தவறு வரும், இரண்டுக்கும் காரணம் வேறு. "பதினான்கு" என்றதும் 104 என்று எழுதினால் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: பத்து, பிறகு நான்கு. 41 என்று எழுதினால் மற்ற மொழிகளைப் பாருங்கள். மலாயில் "எம்பாட் பெலாஸ்", ஆங்கிலத்தில் "ஃபோர்ட்டீன்", இரண்டிலும் நான்குதான் முன்னால் வருகிறது. 2003இல் தொடங்கிச் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில் பள்ளிக்குப் போன பெற்றோர் பலருக்கு வீட்டில் வாயில் வருவது ஆங்கில எண்தான். அதில் குற்றம் இல்லை. ஆனால் இந்த ஒரு படி முடியும் வரைக்கும் தமிழில் மட்டும் சொல்லுங்கள். பத்து முன்னால், ஒன்று பின்னால் என்று எழுதும் வரிசையிலேயே தமிழ்ச் சொல்லும் போகிறது.

104-க்கு மருந்து அட்டை. 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் அட்டை வெட்டி 10, 20 என 90 வரை எழுதுங்கள். அதில் பாதி அகலத்தில், அதாவது 4 செ.மீ.யில், 1 முதல் 9 வரை. 10-இன் சுழியத்தின் மேல் 4-ஐ வைத்தால் 14. மேல் அட்டையைத் தூக்கினால் அடியில் சுழியம் இன்னும் இருக்கும். சுழியம் வலப்பாதிக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், பிள்ளை அதையும் சேர்த்து வாசிக்கும். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு கட்டும் நான்கு ஈர்க்கும் இருக்கட்டும்.

இருபது முதல் எண்பது வரைக்கும் சொல் ஓர் ஒழுங்கில் போகும்: ஆறு அறுபதாகும், ஏழு எழுபதாகும், நெடில் குறிலாகும். பிள்ளை "ஏழுபது" என்றால் கடிந்துகொள்ளாதீர்கள், விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். பேச்சில் "அம்பது", "எம்பது" இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். எழுதச் சொல்லும்போது மட்டும் "ஐம்பது", "எண்பது" என்று நிறுத்திச் சொல்லுங்கள்.

தொண்ணூறில் ஒழுங்கு உடைகிறது. "பது" போய் "நூறு" மாதிரி ஒலி வந்து நிற்கும். நூற்றுக்கு மேலான ஏதோ ஓர் எண் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. விளக்கம் பலிக்காது. எண்பதுக்கு எட்டுக் கட்டு வைத்து, ஒன்பதாவது கட்டை வைக்கும்போது "தொண்ணூறு" என்று சொல்லி, பத்தாவது கட்டை வைக்கும்போது பத்தையும் ஒரே கயிற்றால் சேர்த்துக் கட்டி "நூறு" என்று சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். இதே திருப்பம் தொள்ளாயிரத்திலும் காத்திருக்கிறது, அது பள்ளிக்கூடத்தின் பாடு.

சில்லறை கடைசி. 5 காசு ஒரே ஒரு வில்லை, ஆனால் எண்ணினால் ஐந்து. பிள்ளைக்கு இது அநியாயமாகப் படும். ஐந்து கட்டம் போட்ட பட்டையின் மேல் 5 காசை வைத்தும் எடுத்தும் காட்டுங்கள். ஐந்தைந்தாக எண்ண வந்த பிறகு 10. 20-உம் 50-உம் அடுத்த மாதம். கடை விளையாட்டில் விலை எல்லாம் 5, 10, 15 என்றே இருக்கட்டும். 1 காசு புழக்கத்தில் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது.

ஐந்து எழுத்தில் கம்பம்

247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டி அ-வில் தொடங்குவது வழக்கம். அட்டவணை இருக்கட்டும், தொடக்கம் அங்கே வேண்டாம். ப, ட, ம, க, ல என்ற ஐந்தும் புள்ளியும் போதும்: படம், பல், கல், கடல், பகல், கப்பல், பட்டம், பக்கம். நம் ஊர்ப் பேச்சில் கிராமத்தைக் குறிக்கும் "கம்பம்" கூட இதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் வாரம் கால் சேர்த்தால் பால், காகம், பாலம், மாமா, பாப்பா. முதல் வாரத்திலேயே முழுச் சொல் வாசித்த பிள்ளை அடுத்த எழுத்தை அதுவாகக் கேட்கும்.

படம், பட்டம் இரண்டிலும் ட ஒரே ஒலியில் வராது. காகத்தின் இரண்டு க-வும் ஒன்றல்ல. வல்லினம், மெல்லினம் என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் வாய் தானாகச் சரிசெய்துகொள்ளும்.

சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கை தட்டும்போது புள்ளி எழுத்துக்குத் தட்டு இல்லை, விரலை மடக்க வேண்டும். கப்-பல் இரண்டு தட்டு, இரண்டு மடக்கு, ஆக நான்கு எழுத்து. புள்ளிக்கும் தட்ட வைத்தால் பிள்ளை "கபுபலு" என்று வாசிக்கும்.

கொம்பு: பொறுமை தேவைப்படும் இடம்

"பெட்டி" என்பதை "பட்டி" என்று வாசிக்கிறதா? கவனக்குறைவு இல்லை. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ப்-ஐ. இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தான் பழக்கினோம். இப்போது முன்னால் நிற்பதைப் பின்னால் சொல் என்கிறோம். புரியாத குறியைப் பிள்ளை தாண்டிவிடுகிறது.

கண்ணுக்கு முன் கைக்குக் கற்றுக்கொடுங்கள். 4 செ.மீ. சதுர அட்டைகளில் க, ப, ம, ட. 2 செ.மீ. அகல அட்டைகளில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால். ப-வை நடுவில் வைத்து "ப" என்று சொல்லட்டும். அடுத்து இடக்கையால் கொம்பை இடப்பக்கம் இழுத்து வந்து ஒட்டும் நொடியில் "பெ". எடுத்தால் "ப". இப்படி எடுத்தும் வைத்தும் பத்துத் தடவை. வரிசை எப்போதும் மெய் முதலில், கொம்பு அப்புறம். இரட்டைக்கொம்புக்குக் கையை மெதுவாக இழுத்து "பே". "பொ" வரும்போது இரண்டு கையும் வேண்டும்: இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், இரண்டும் ஒரே நேரத்தில். கொம்பை மட்டும் முதலில் வைத்தால் "பெ" என்று சொல்லிவிட்டு, கால் வந்ததும் "பெ-ஆ" என்று இழுக்கும்.

நான்கைந்து நாளில் கைக்குப் பழகிவிடும். அடுத்தது சன்னல் அட்டை. 12 செ.மீ. அட்டையின் நடுவில் 3 செ.மீ. உயரச் சன்னல் வெட்டுங்கள். 2 செ.மீ. உயரத்தில் எழுதினால் "பெ"-க்கு 4 செ.மீ. அகலம், "பொ"-வுக்கு 6. இரண்டு அட்டை தேவை. ஒரே அகலச் சன்னலில் வேலையை முடிக்கப் பார்த்தால் அடுத்த எழுத்தின் கொம்பு தலை நீட்டி, பிள்ளை அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடும். சொல்லின் மேல் நகர்த்தி, சன்னலில் தெரிவதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

எழுதும்போது மட்டும் கொம்புதான் முதலில். வாசிப்பு நிலைத்த பிறகே எழுத்து; இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் குழப்பம் நிச்சயம். முதல் எழுத்துகளுக்கு அகலத் தட்டில் பரப்பிய அரிசியோ சிலேட்டோ போதும். வெள்ளைப்பலகை மார்க்கர் வழுக்கிக்கொண்டு ஓடும், கைக்கு அழுத்தம் பழகாது. பென்சில் என்றால் 2பி, அதுவும் விரல் நீளத் துண்டு. குட்டிப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க முடியாது.

உகரத்தைக் குறியாகக் காட்ட முயல வேண்டாம். கு டு மு ரு ழு ளு ஒரு குடும்பம், ஙு சு பு யு வு இன்னொன்று, ஞு ணு து நு லு று னு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகத்தான் பழக வேண்டும். "கௌ" எல்லாவற்றுக்கும் பிறகு. பிள்ளை அதைக் "கெள" என்று வாசிப்பதில் ஆச்சரியம் இல்லை, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

பிறகு சேர்த்தது

எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி எழுதுவது ஆறு வயதில் சாதாரணம். பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டு அங்கிருந்து தொடங்கச் சொன்னால் பெரும்பாலும் குறையும்.

பாட்டி வீட்டுப் பழைய புத்தகத்தில் "மலை" வேறு மாதிரி இருக்கிறதே, எதைச் சொல்லிக் கொடுப்பது என்று பலரும் கேட்டார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு யானைத் துதிக்கை மாதிரி ஒரு வடிவம் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1978இல் சீர்திருத்திய வடிவம்தான் இப்போது இங்கே பள்ளிப் புத்தகத்திலும் உள்ளது. பிள்ளைக்கு "லை"-யில் முன்னால் நிற்கும் இரட்டைச் சுழியை மட்டும் காட்டுங்கள். பாட்டி சாமான் சீட்டில் "வெல்லம், தேயிலை" என்று துதிக்கை போட்டு எழுதிக் கொடுத்தால் அதைத் திருத்த வேண்டாம். கொம்பு ஒழுங்காக வந்த பிள்ளையிடம் சீட்டைக் கொடுத்து, அந்தத் துதிக்கை எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தேயிலைப் பொட்டலம் பக்கத்தில் இருந்தால் போதும்.