நீச்சல் தெரியாம யூஎஸ் நேவில சேரப் போறீங்களா? ஸ்விம் டெஸ்ட்டுக்கு இப்படி ரெடி ஆகுங்க

அக்கா பையன் கிரீன் கார்டுல இருந்தபடியே யூஎஸ் நேவில சேந்தான், புல்அப் எல்லாம் அசால்ட்டா எடுப்பான், ஆனா தண்ணின்னா முட்டி வரைக்கும்தான் இறங்குவான். கிரேட் லேக்ஸ்ல இருக்கற பூட் கேம்ப்புக்கு, அதான் நேவியோட ஆரம்பப் பயிற்சி முகாமுக்கு கிளம்ப ரெண்டு மாசம் இருக்கப்ப மாமா எப்படியாவது சொல்லிக் குடுங்கன்னு வந்து நின்னான்.

டெஸ்ட்டுக்குப் பேரு தேர்ட் கிளாஸ் ஸ்விம்மர். மேடைல இருந்து ஆழத்துல குதிக்கணும், 50 யார்டு நீந்தணும், 5 நிமிஷம் குப்புற மிதக்கணும், அப்புறம் உடுப்புக்குள்ள காத்த அடைச்சு மிதந்து காட்டணும். 50 யார்டுன்னா 46 மீட்டர் கிட்ட, அங்க நிறைய பூல் 25 யார்டுதான், ஒருக்கா போயிட்டு திரும்பினா முடிஞ்சுது. இதுல வேகத்துக்கு மார்க் இல்ல, எந்த ஸ்ட்ரோக்னாலும் ஓகே. இது தெரியாம நம்மாளு வீடியோ பாத்து ஃப்ரீஸ்டைல் அடிச்சு அடிச்சு பாதிலயே மூச்சு வாங்கி சுவத்த புடிச்சிட்டான். நான் அத நிப்பாட்டி, தவளை மாதிரி நீந்தற பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் ஒருக்களிச்சு நீந்தற சைடு ஸ்ட்ரோக்கும் மட்டும் பழக்குனேன்.

ஆனா அதுக்கும் முன்னாடி மூச்சு. முதல் ரெண்டு வாரம் நீச்சலே வேணாம், இடுப்பளவு தண்ணில நின்னு மூஞ்ச உள்ள விட்டு மெதுவா குமிழி விடுங்க, வெளிய வந்ததும் வாயால இழுங்க. புதுசா கத்துக்கறவங்க மூச்ச விடாம தம் கட்டிட்டே இருப்பாங்க, உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற பதட்டம் வரும், தெம்பு இல்லன்னு நாம நினைச்சுக்குவோம்.

குப்புற மிதக்கறதுதான் நிறைய பேருக்கு கண்டம். நெஞ்சு நிறைய காத்த எடுத்துட்டு தலைய, கை கால தொங்க விடுங்க, ஒல்லியான ஆளுங்களுக்கு கால் கீழ போகும், போகட்டும் விடுங்க, முதுகு மேலயே நிக்கும். காத்து வேணும்னா கைய மெதுவா கீழ அமுக்கி தலைய தூக்கி மூச்சு எடுத்துட்டு மறுபடி உள்ள. 30 செகண்ட்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. கடைசில மல்லாக்கத் திரும்பி மிதக்கணும், அதையும் சேத்தே பழகிக்கோங்க.

குதிக்கறப்ப கீழ பாக்காதீங்க. ஒரு கையால மூக்க பொத்தி, இன்னொரு கைய குறுக்க போட்டு, நேரா பாத்து ஒரு எட்டு வச்சா போதும், பாயக் கூடாது, கால் மேடைய விட்டதும் கணுக்கால பின்னிக்கோங்க.

துணி மேட்டர் ஈசி. நனைஞ்ச துணி காத்த சட்டுன்னு வெளிய விடாது. வீட்ல ஒரு பழைய பேன்ட் இருந்தா கால் முனைய முடிச்சு போட்டு பூல்ல ட்ரை பண்ணுங்க, பூல்காரங்க கிட்ட மட்டும் முன்னாடியே கேட்டுடுங்க, எங்கள முறைச்சாங்க.

வாரம் மூணு நாள், முக்கா மணி நேரம் போதும். தனியா மட்டும் போகாதீங்க, வேக வேகமா மூச்சு இழுத்துட்டு முங்கற வேலையும் வேணாம், தண்ணிக்குள்ளயே மயக்கம் போட்டுடும். ஃபெயில் ஆனாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்க, அங்கயே எக்ஸ்ட்ரா கிளாஸ் வச்சு திரும்ப டெஸ்ட் எடுக்க விடுவாங்க, என்ன, மத்தவன் ரெஸ்ட் எடுக்கற நேரத்துல நீங்க பூல்ல கிடப்பீங்க.